ஓய்வு நேரக் கைவேலை: கை வலிக்காத தூண்டில் கம்பு



லாபு பக்கத்துக்காரர்களுக்கு மீன் பிடிப்பதைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சிரம்பானுக்கும் நீலாய்க்கும் இடையே, ரயில் பாதையை ஒட்டிய தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே தோட்டத்துக் கால்வாய், குட்டை, ஆற்றோரம் இவற்றில் ஒன்றுதான். இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. 1998-ல் பக்கத்து சிப்பாங்கில் விமான நிலையம் திறந்த பிறகு, சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆனாலும் ஹாருவான் இருக்கும் குட்டையைத் தேடிப் போகும் ஆசை மட்டும் நம்மவர்களை விடவில்லை. நம் ஊர் விரால்தான் இங்கே ஹாருவான். பிள்ளை பெற்ற பெண்ணுக்கும், ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கும் அதைச் சமைத்துக் கொடுக்காத வீடு உண்டா?

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். பிறந்தது லாபு வட்டாரத் தோட்டம் ஒன்றில். இப்போது சிரம்பானில் வேலை. துணியில் சுற்றி ஒரு தூண்டில் கம்பு கொண்டுவந்திருந்தார். கடையில் முழுசாக வாங்கியதல்ல. கார்பன் கோல், வளையங்கள், ரீல் சீட்டு, கைப்பிடி என்று ஒவ்வொன்றாக வாங்கி, மூன்று வாரம் இரவில் உட்கார்ந்து தாமே கட்டியது. வளையங்களுக்குச் சுற்றியிருந்த நூல் வேலையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அவ்வளவு சுத்தம்.

“அப்பாவுக்குன்னு செஞ்சேன்ணே. மூணு தடவை எடுத்துக்கிட்டுப் போனாரு. இப்ப சுவத்துல மாட்டிட்டாரு. பழையபடி மூங்கிலைத்தான் தூக்கிக்கிட்டுப் போறாரு. கேட்டா, ‘நல்லாத்தான்டா இருக்கு’ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிறாரு” என்றார். முகத்தில் வருத்தம். தம் கைவேலையை அப்பா மதிக்கவில்லை என்று அவருக்கு ஒரு மனக்குறை.

பெரியவரைத் தனியே பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேல் உளி பிடித்துப் பால் மரம் வெட்டிய கை. தோட்டம் செம்பனைக்கு மாறியபின் சில வருடம் குலை அறுத்த கை. இப்போது மணிக்கட்டு வீங்கி, மழைக்காலத்தில் வலிக்கிறது. அவர் என்னிடம் சொன்னார்: “அவன் ஆசையா செஞ்சது தம்பி. அரை மணி நேரம் வீசுனா முழங்கை வரைக்கும் இழுக்குது. அதை அவன்கிட்ட எப்படிச் சொல்றது?”

மகன் மனம் நோகக்கூடாது என்று அப்பா வாய் திறக்கவில்லை. அப்பா மதிக்கவில்லை என்று மகன் குமைகிறார். நடுவே குற்றவாளி அந்தக் கம்பு. அதன் குற்றம் என்ன என்பதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கம்பு சுவரில் தொங்கலாம் அல்லவா?

கனமான மூங்கில் வலிக்கவில்லை, லேசான கார்பன் வலிக்கிறது

முதலில் தராசில் வைத்துப் பார்த்தோம். ரீல் இல்லாமல் கம்பு மட்டும் 140 கிராம். ரீல் 250 கிராம். ஆக மொத்தம் 390 கிராம். பெரியவரின் மூங்கில் இதைவிடக் கனம். அப்படியிருக்க, லேசானது வலிக்கிறது, கனமானது வலிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்?

பதில் நம் தோட்டத்திலேயே இருக்கிறது. காண்டா வாளி தூக்கியவர்களைக் கேளுங்கள். கம்பின் இரு பக்கமும் பால் வாளி தொங்கும்போது, ஒரு வாளியில் பால் குறைந்தால் என்ன செய்வார்கள்? குறைந்த பாலுக்காக யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. தோளைக் கனமான வாளிப் பக்கம் சற்று நகர்த்திக்கொள்வார்கள். கம்பு தானாகச் சமனாகிவிடும். பழைய சீனர் கடைகளில் மீன் நிறுத்த தூக்குக்கோலும் இதே தத்துவம்தான். சிறிய குண்டு ஒன்று தூரத்தில் போய் நின்று, அருகில் தொங்கும் பெரிய மீனைத் தூக்கி நிறுத்திவிடும். எடையை மட்டும் பார்த்தால் போதாது. அந்த எடை பிடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எடையைத் தூரத்தால் பெருக்கினால் வருவதே கைக்குத் தெரியும் இழுப்பு. கிரேக்க நாட்டு ஆர்க்கிமிடீஸ் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே இதைக் கணக்காக எழுதி வைத்தார். நம்மவர்கள் தோளில் சுமந்து தெரிந்துகொண்டார்கள்.

செம்பனைக் குலை அறுப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நுனியில் அரிவாள் கட்டிய நீளக் கம்பை நேராக நிமிர்த்திப் பிடித்தால் சுமை அப்படியே கீழே இறங்கும், தாங்கிக்கொள்ளலாம். அதே கம்பைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. ஆனால் அது உங்களையே இழுத்துக்கொண்டு போகும்.

இப்போது மூங்கிலுக்கு வருவோம். மூங்கில் தூண்டிலில் ரீல் கிடையாது. நுனியில் தங்கூசி நூலைக் கட்டுகிறோம், அவ்வளவுதான். அதனால் கை எங்கே பிடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பெரியவர் பிடிப்பதைக் கவனித்தேன். அடிமுனையிலிருந்து இரண்டு சாண் முன்னே பிடித்து, பின்பாகத்தை முன்கையின் அடியில் கொடுத்து அண்டைகட்டிக்கொள்கிறார். மணிக்கட்டு சுமக்க வேண்டியதை முன்கை வாங்கிக்கொள்கிறது. கொஞ்சம் அலுத்தால் கையை இன்னும் நாலு விரல் முன்னே தள்ளுகிறார். அதுவும் அலுத்தால் கவட்டைக் குச்சியில் சாத்திவிட்டு வெற்றிலை மடிக்கிறார்.

ரீல் வைத்த கம்பில் இது நடக்காது. ரீல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கை. ரீல் சீட்டை ஒட்டிய அன்றே அப்பாவின் கை எங்கே இருக்க வேண்டும் என்று மகன் முடிவு செய்துவிட்டார், அப்பாவைக் கேட்காமலே! மூங்கிலில் கை தேடிக்கொள்ளும் சமநிலையை, ரீல் கம்பில் கட்டுகிறவர்தான் தேடித் தர வேண்டும். இதுதான் விஷயத்தின் வேர்.

கணக்கைப் பார்ப்போம்

பயப்படாதீர்கள், ஆறாம் வகுப்புக் கணக்குதான்.

அந்தக் கம்பின் நீளம் ஆறரை அடி. அடிமுனையிலிருந்து 30 சென்டிமீட்டரில் கை. ரீலைக் கழற்றிவிட்டுக் கம்பை ஒரு விரல்மேல் வைத்தால், அடிமுனையிலிருந்து 62 சென்டிமீட்டரில் சமனாக நின்றது. அதாவது, கம்பின் எடை முழுவதும் கைக்கு 32 சென்டிமீட்டர் முன்னே இருப்பதுபோல. 140 கிராமை 32-ஆல் பெருக்கினால் 4480. இதுதான் பெரியவரின் மணிக்கட்டை இழுத்த இழுப்பு.

“கனமான ரீல் போட்டால் சரியாகிவிடும்” என்று பலர் சொல்வார்கள். கடையிலும் சொல்வார்கள். ஆனால் ரீல் தொங்குவது கைக்கு நேர் கீழே. தூரம் கிட்டத்தட்ட சுழி. எவ்வளவு கனத்தைச் சுழியால் பெருக்கினாலும் வருவது சுழிதானே! ரீலை மாற்றினால் சுமை கூடும். இழுப்பு அப்படியே இருக்கும்.

அடுத்து எல்லோருக்கும் தோன்றுவது, அடிமுனையில் ஈயக் குண்டு வைப்பது. 4480-ஐயும் அடிமுனை எடையால் மட்டும் ஈடுகட்ட வேண்டுமென்றால் ஏறக்குறைய 150 கிராம் வேண்டும். கம்பின் எடையே 140 தான்! இது வைத்தியமா, வேறொரு வியாதியா?

ஆகவே முதலில் கைவைக்க வேண்டியது நுனியில். தம்பி ஆசையில் முன்பகுதி முழுவதும் பெரிய இரட்டைக்கால் வளையங்களாகப் போட்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நூல்கட்டு, அதன்மேல் எபோக்சிப் பசை கண்ணாடி போல் தடிப்பாக. பழைய மூங்கில் கம்பிலோ, கண்ணாடி நார்க் கம்பிலோ இந்தச் சில கிராம் தெரியாது. 1973-ல் அமெரிக்காவின் ஃபென்விக் நிறுவனம் கார்பன் நார்க் கம்பைச் சந்தைக்குக் கொண்டுவந்ததிலிருந்து கோல்கள் வருடத்துக்கு வருடம் லேசாகி வந்திருக்கின்றன. கோல் லேசாக லேசாக, அதன்மேல் நாம் ஏற்றும் வளையமும் பசையும் கனமாகத் தெரியும்.

முன்வரிசை வளையங்களைச் சிறிய ஒற்றைக்கால் வளையங்களாக மாற்றினோம். ஒரு காலுக்கு ஒரு நூல்கட்டுதான், பசையும் பாதி. எண்ணிக்கையை மட்டும் குறைக்கவில்லை. வளையம் குறைந்தால் மீன் இழுக்கும்போது கோல் சீராக வளையாது. ஓரிடத்தில் பாரம் விழுந்து ஒடிந்துவிடும். வளையங்களில் 5 கிராம், நூலிலும் பசையிலும் 3 கிராம், ஆக 8 கிராம் குறைந்தது. எட்டு கிராம் என்ன பெரிது என்று கேட்பீர்கள். அவை கைக்குச் சராசரியாக 120 சென்டிமீட்டர் முன்னே இருந்தவை. 8-ஐ 120-ஆல் பெருக்குங்கள்: 960. இழுப்பு 3520-க்கு இறங்கிவிட்டது.

இரண்டாவதாக, ரீல் சீட்டை 5 சென்டிமீட்டர் முன்னே தள்ளினோம். காண்டாக் கம்பில் தோளை நகர்த்துவது போலத்தான். இப்போது கம்பின் எடை 132 கிராம். 5-ஆல் பெருக்கினால் 660. மீதி 2860.

மூன்றாவதாகத்தான் அடிமுனை எடை. கை முன்னே போனதால் அடிமுனை இப்போது கைக்கு 35 சென்டிமீட்டர் பின்னே இருக்கிறது. அங்கே 28 கிராம் வைத்தோம். 28-ஐ 35-ஆல் பெருக்கினால் 980. கடைசியில் மிஞ்சியது 1880.

4480 எங்கே, 1880 எங்கே! பாதிக்கும் குறைவு. ரீல் மாட்டிய கம்பு முன்பு கைக்குப் பதினொன்றரை சென்டிமீட்டர் முன்னே சமனாக நின்றது. இப்போது ஐந்துக்கும் குறைவான தூரத்தில், ஏறக்குறைய ஆள்காட்டி விரல் படும் இடத்தில் நிற்கிறது. மொத்த எடையோ 390-லிருந்து 410 ஆகக் கூடியிருக்கிறது. 20 கிராம் கனம் கூடிய கம்பு, கைக்கு லேசாகிவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நுனியில் எடுத்த 8 கிராமும், அடியில் வைத்த 28 கிராமும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்தன. அப்படியானால் எது லாபம்? எடுத்ததுதான் லாபம். அடியில் வைக்கும் எடை, கம்பைச் சும்மா பிடித்திருக்கும்போதுதான் உதவும். வீசும்போது உதவாது. காண்டா தூக்கி நடப்பது ஒன்று, சட்டென்று திரும்புவது ஒன்று அல்லவா? இரண்டு வாளியும் சமமாக இருந்தாலும் திரும்பும்போது தள்ளாடும். அதுபோல நுனியிலுள்ள பாரம் வீச்சை மந்தமாக்கும். தூரம் இரண்டு மடங்கானால் அந்த மந்தம் நாலு மடங்காகும். நாளெல்லாம் வீசுகிற கைக்கு, நுனி லேசாக இருப்பதே பெரிய உபகாரம்.

நீங்கள் கட்டும்போது

தம்பி செய்த ஒரே தவறு, எல்லாவற்றையும் ஒட்டிவிட்டுப் பிறகு கையில் பிடித்துப் பார்த்தது. வளையங்களைக் கழற்றுவதில் கஷ்டமில்லை. தலைமுடி உலர்த்தும் சூட்டுக் காற்றில் பசையை இளக்கி, வளையத்தின் காலுக்கு மேலாகப் பிளேடால் நூலைக் கீறி எடுத்தோம். கோலில் பிளேடு பட்டால் போச்சு. பட்ட இடத்திலேயே பின்னால் ஒடியும். ஆனால் ரீல் சீட்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு சீட்டும் கைப்பிடியும் வீண். அந்த நஷ்டம் உங்களுக்கு வேண்டாம். இப்படிச் செய்யுங்கள்.

1. பசையைத் திறக்குமுன் எல்லாவற்றையும் டேப்பால் ஒட்டிக்கொள்ளுங்கள். வளையம், ரீல் சீட்டு, கைப்பிடி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். ரீலில் நூல் நிறைத்து, நூலை வளையங்களில் கோத்து, பிறகுதான் சோதனை. தூண்டில் இரையைத் தொங்கவிட வேண்டாம். மீன் பிடிக்கும்போது அது தண்ணீரில்தானே கிடக்கும்.

2. கம்பை விரல்மேல் வைத்துச் சமன் நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கைக்கும் கோட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. ரீல் சீட்டை ஒவ்வொரு விரற்கடையாக முன்னே நகர்த்திப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி நகர்த்தினால் பின்கைப்பிடி நீண்டு, வீசும்போது விலாவில் இடிக்கும், சட்டையில் மாட்டும். முழங்கையைத் தாண்டி நீளாமல் இருப்பது ஒற்றைக்கை வீச்சுக்கு நல்லது.

4. அடிமுனை எடைக்கு நாணயங்களே போதும். 2012-ல் வந்த 50 காசு நாணயம் 5.66 கிராம், 20 காசு 4.18 கிராம். ஒவ்வொன்றாக டேப் போட்டு ஒட்டி, பிடித்துப் பாருங்கள். அளவு தெரிந்தபின் அதே எடைக்கு இரும்பு வாஷர்களைத் திருகாணியில் கோத்து, அடிமூடிக்குள் பூட்டுங்கள். பிறகு ரீலை மாற்றினாலும் கூட்டிக் குறைக்கலாம். வீட்டில் ஈயத்தை உருக்காதீர்கள். அந்தப் புகை நஞ்சு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

5. கடைசிச் சோதனை முக்கியமானது. யார் பிடிக்கப் போகிறாரோ அவர் கையில் கொடுங்கள். இருபது வயதுக் கைக்குச் சரியாக இருப்பது அறுபத்தைந்து வயதுக் கைக்குச் சரியாக இராது. அரை மணி நேரம் சும்மா பிடித்திருக்கச் சொல்லுங்கள். எங்கே இழுக்கிறது என்று கேளுங்கள்.

எல்லாக் கம்புக்கும் இந்தப் பாடு தேவையில்லை. கெலி மீனுக்கு இரை போட்டுக் கவட்டையில் சாத்தி வைக்கும் கம்புக்கும், போர்ட்டிக்சன் கடற்கரையில் குத்திவைக்கும் நீளக் கம்புக்கும் சமநிலை பார்த்துச் சிரமப்பட வேண்டாம். சுமப்பது கவட்டைதானே. ரப்பர் தவளையை வீசி வீசி ஹாருவானைத் தேடும் கம்புக்குத்தான் இது அவசியம். அதிலும் நுனியைத் தாழ்த்திப் பிடித்து இழுப்பவர்களுக்கு நுனி கொஞ்சம் கனமாக இருந்தால்தான் கை நிலைக்கும். முழுச் சமன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

எச்சரிக்கை ஒன்று. கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் கம்பைக் கீழே வைத்துவிட்டுப் பாதுகாப்பான கட்டடத்துக்குப் போய்விடுங்கள். மின்கம்பிகளுக்குக் கீழே நின்று வீசவே கூடாது. ஹாருவான் அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும்.

அந்தப் பெரியவர் கதைக்கு வருகிறேன். நாணயச் சோதனையை அவர் வீட்டு வாசலில்தான் வைத்துக்கொண்டோம். நாற்காலியில் உட்கார்ந்து கம்பைப் பிடித்திருந்தார். மகன் தரையில் உட்கார்ந்து 50 காசுகளை ஒட்டிக்கொண்டிருந்தார். மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதை எடுத்தபோது, “போதும்டா. இப்ப இழுக்கல” என்றார் பெரியவர்.

மகன் நிமிர்ந்து பார்த்தார். “முன்னாடி இழுத்துச்சாப்பா? எங்கிட்டச் சொல்லலையே?”

பெரியவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். “நீ கஷ்டப்பட்டுச் செஞ்சிருந்தே” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து போனார்கள். காலையில் போய் மத்தியானம் வரை பெரியவர் வீசினாராம். ஒரே ஒரு ஹாருவான்தான் கிடைத்தது. அதுவும் மகன் தூண்டிலில். மூங்கில் கம்பையும் தூக்கி எறியவில்லை. இரண்டும் இப்போது ஒரே ஆணியில் தொங்குகின்றன.

ஒருவருக்காக எதைச் செய்தாலும், ஒட்டுவதற்கு முன் ஒரு தரம் அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். வாங்கிக்கொள்கிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை: வலிக்கிறதென்றால் சொல்லிவிடுங்கள். திருத்திக் கொடுக்கப் பிள்ளைகள் தயாராகத்தான் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுத் தூண்டில் கம்பு எங்கே சமனாக நிற்கிறது? விரல்மேல் வைத்துப் பார்த்து எழுதுங்கள். அடுத்த இதழில் வேறொரு கைவேலையோடு சந்திப்போம். வணக்கம்.